குளிர்ந்த விளக்கும் குளிராத கம்பியும்

நுழையும்முன்

தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் மங்கலமும் குழூஉக்குறியும் அன்றாட வாழ்வில் எங்கெங்கே வழங்குகின்றன என்பதை இப்பாடத்தின் வழி அறியவிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்ட பொருளோ மின்சாரம். நிதி ஆயோக் அமைப்பின் கீழ் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் சிறு மின்பலகைகளை இயக்கிப் பழகிய மாணவர் பலர், "இதைக் கொண்டு எங்கள் வீட்டு விளக்கை எரியச் செய்யலாமா?" என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. செய்யலாம் என்பதே விடை. எந்தப் பகுதியை யார் செய்வது, எங்கே கை வைக்கக் கூடாது என்பனவற்றை அறிந்த பிறகே செய்யலாம்.

தெருவிளக்குப் பெட்டி

பொழுது சாயும் வேளையில் சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்த் தெருவொன்றில் நின்று பாருங்கள். பல ஊர்களில் மின்கம்பத்தின் அருகே எவரும் வருவதில்லை. தெருவிளக்குகள் தாமே எரியத் தொடங்குகின்றன. விடிந்ததும் தாமே அணைகின்றன. ஆந்திரப் பிரதேசத்தின் ஏழு மாவட்டங்களில், கிராம ஊராட்சிகளின் பழைய தெருவிளக்குகள் 10 இலட்சத்தை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் திட்டம் 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நடுவண் அரசின் மின்துறையைச் சார்ந்த ஈ.இ.எஸ்.எல். நிறுவனம் மேற்கொண்ட அத்திட்டத்தில் சித்தூரும் இடம்பெற்றது. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 2022 ஏப்ரலில்.

இவ்வகைத் திட்டங்களில் ஒரு தெருவின் விளக்குகளைச் சேர்த்து இயக்குவதற்குக் கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டி பொருத்தப்படுகிறது. அதைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும் உள்ளே இருப்பவை இன்னவை என்று சொல்லலாம். நேரத்தை அறிந்து கட்டளையிடும் மின்னணுச் சுற்று ஒன்று. தொலைவிலிருந்து செய்தி பெறும் கைப்பேசி மோடம் ஒன்று. செலவான மின்சாரத்தைக் கணக்கிடும் மீட்டர் ஒன்று. இவற்றோடு கான்டாக்டர் எனப்படும் கனத்த சாதனம் ஒன்று. மின்னணுச் சுற்று சில வோல்ட்டில் இயங்குவது. விளக்குகளுக்குச் செல்லும் மின்சாரம் அதன் வழியாகப் பாய்வதே இல்லை. அது கான்டாக்டருக்கு ஆணையிடுகிறது. கான்டாக்டர் பெரிய மின்சாரத்தை இணைக்கிறது அல்லது துண்டிக்கிறது. ஆணையிடுவது ஒன்று, சுமப்பது மற்றொன்று.

வீட்டு விளக்கைச் சிறு மின்பலகையால் இயக்க விரும்பும் மாணவர் செய்யப்போவதும் இதையே, சிறிய அளவில்.

பலகையின் வலிமை எவ்வளவு?

ஆய்வகத்தில் நீங்கள் காணும் நீலநிறப் பலகையின் பெயர் அர்டுயினோ. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டு உருவானது. அவ்வூரிலிருந்த ஒரு மதுக்கூடத்தின் பெயரைத் தாங்கியது. அக்கூடமோ 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய அர்துயின் என்பவன் பெயரைத் தாங்கியது. அரசனின் பெயர் உள்ளங்கையளவுப் பலகைக்கு வந்து சேர்ந்த கதை இது. மின்னியல் பயிலாத வடிவமைப்புக் கலை மாணவர்களும் அச்சமின்றிக் கையாள வேண்டும் என்பதே அதைப் படைத்தவர்களின் நோக்கம். 5 வோல்ட்டில் இயங்குவதால் அதன் எந்த முனையைத் தொட்டாலும் உடலுக்குத் தீங்கில்லை. அந்த அச்சமின்மையே வீட்டு மின்சாரத்தின் அருகே வரும்போது பகையாகிவிடுகிறது.

பலகையின் நடுவிலுள்ள கருநிறச் சில்லு நுண்கட்டுப்படுத்தி எனப்படும். அதன் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காமலிருப்பது நன்று. 40 மில்லிஆம்பியர் என்பது அது தாங்கும் கடைசி எல்லை. 5 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் என்றால் ஆற்றல் பத்தில் ஒரு வாட். வீட்டு எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட் வேண்டும். தொண்ணூறு மடங்கு இடைவெளி. ஆகவே இடையில் ஒரு சாதனம் தேவைப்படுகிறது என்று நூல்கள் பலவும் கூறும். அது உண்மை, எனினும் முதன்மையான காரணம் அதுவன்று. ஆற்றல் போதாமையால் விளக்கு எரியாமல் போனால் எவருக்கும் கேடில்லை. வீட்டின் 230 வோல்ட் பலகைக்குள் புகுந்து, பலகையைத் தொட்ட விரலுக்குள் புகுவதே கேடு.

முப்பது மில்லிஆம்பியர்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது. ஒரு மில்லிஆம்பியர் உடலில் பாய்ந்தால் சுரீரென உணர்கிறோம். பத்து மில்லிஆம்பியர் அளவில் தசைகள் இறுகிக் கம்பியைப் பற்றிய கை விடாது. 'கரெண்டு பிடித்துக்கொண்டது' என்று மக்கள் சொல்வது இதனைத்தான். உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது நம் கையே. 30 மில்லிஆம்பியருக்கு மேற்பட்டுச் சிறிது நேரம் நீடித்தால் மூச்சும் இதயத் துடிப்பும் ஆபத்துக்குள்ளாகும்.

இப்போது ஒரு கணக்கு. 9 வாட் விளக்கு எடுக்கும் மின்னோட்டம் என்ன? 9ஐ 230ஆல் வகுத்தால் 0.039 ஆம்பியர், அதாவது 39 மில்லிஆம்பியர். உண்மையில் சற்று மிகும். இத்தகைய சிறிய விளக்கு எடுக்கும் மின்னோட்டமே ஓர் உயிரை வாங்கப் போதுமானது. "சின்ன பல்புதானே" என்று யாரேனும் சொன்னால் இக்கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

"மின்பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே, அது காக்காதா?" என்று கேட்கலாம். விளக்குச் சுற்றுக்கு வழக்கமாக 6 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துவர். ஈரக் கையின் தடை 1,000 ஓம் என்று கொண்டால் உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். 6 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்.சி.பி. இதைப் பொருட்படுத்தவே செய்யாது. அது கம்பியைக் காப்பது, மனிதரைக் காப்பதன்று. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் வேறொரு சாதனம். பேஸ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. போனதில் ஒரு பகுதி திரும்பவில்லையெனில், அது எவருடைய உடல் வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று பொருள். வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இதற்கும் ஒரு குறை உண்டு. ஒருவர் காய்ந்த மரப்பலகைமேல் நின்று ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால், போனது முழுவதும் திரும்பிவிடுகிறது, ஆர்.சி.சி.பி. அவரையும் ஒரு விளக்காகவே கருதும்.

இடைவெளியைக் கடப்பது எது?

வேர்க்கடலை விளையும் நம் மாவட்டத்து வயல்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்காதவர் இரார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்றொரு ஓசை; மோட்டார் ஓடுகிறது. உழவரின் விரல் மோட்டாரின் மின்சாரத்தை நேரே இணைக்கவில்லை. அவர் அழுத்தியபோது பெட்டிக்குள் ஒரு கம்பிச்சுருள் காந்தமாயிற்று. காந்தம் இரும்புத் தகட்டை இழுத்தது. தகடு மோட்டாரின் கம்பிகளை இணைத்தது. 'டக்' என்பது தகடு வந்து சேர்ந்த ஓசை.

இதன் தம்பிதான் ரிலே. ஆய்வகத்தில் காணும் நீலநிறச் சதுரப் பெட்டி அதுவே. ஒருபுறம் 5 வோல்ட் சுருள். மறுபுறம் 230 வோல்ட் இணையும் தொடுமுனைகள். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதும் இல்லை. இடைவெளியைக் கடந்து செல்வது காந்தவிசை மட்டுமே. காந்தவிசை ஆணையைக் கொண்டுசெல்லும். மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவராது. பாதுகாப்பு முழுவதும் அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. அதைக் குறுக்கும் எச்செயலும் தவறு.

சுருளுக்கு ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் தேவை. நுண்கட்டுப்படுத்தியின் முனை 20 மட்டுமே தரும். ஆதலால் இடையே ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. சுருளை விடுவிக்கும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தைத் தணிக்க ஒரு டயோடு உண்டு. கடையில் வாங்கும் ரிலே பலகையில் இவை முன்பே பதிந்திருக்கும். சில பலகைகளில் ஒளியிணைப்பி என்னும் சில்லும் இருக்கும். அதனுள் ஒரு சிறு விளக்கு எரிய, எதிரேயுள்ள ஒளியுணரி அதைக் கண்டு ஆணையை ஏற்கிறது. அங்கே இடைவெளியைக் கடப்பது ஒளி. ஆனால் பலகையின் ஓரத்தில் சிறு இணைப்புக் குமிழ் ஒன்று இரு மின்வழங்கல்களையும் ஒன்றாக்கியிருக்குமாயின், ஒளியிணைப்பி இருந்தும் பயனில்லை. சுருளின் இடைவெளி ஒன்றே எஞ்சும்.

மலிவான பலகைகளை வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் ஓடும் செப்புத் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் இடம் இருத்தல் வேண்டும். நல்ல பலகைகளில் அவ்விடத்தில் பலகையையே அறுத்து ஒரு பிளவு விட்டிருப்பார்கள். தூசியும் ஈரமும் சேர்ந்து பாதை அமைக்காதிருக்க அந்தப் பிளவு. தடங்கள் நெருங்கியிருந்தால், மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அதை 12 வோல்ட் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் தொடுமுனையின் தாங்குதிறனைச் சொல்வது; இடைவெளியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மலையேறிய தீபம்

தமிழர் 'விளக்கை அணை' என்று சொல்லத் தயங்கினர். அணைதல், அவிதல் என்பன அமங்கலச் சொற்கள் என்று கருதி, 'விளக்கைக் குளிர வை' என்றனர். தெலுங்கு அறிந்த நீங்கள், 'தீபம் கொண்டெக்கிந்தி' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தீபம் மலையேறிவிட்டது என்பது பொருள். ஏழுமலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்கு இதைவிட அழகிய மங்கல வழக்கு கிடைக்குமா என்பது ஐயமே. அகல் விளக்கு குளிர்ந்தால் உண்மையிலேயே குளிர்ந்துவிடும், திரியைத் தொடலாம். மின்விளக்கு அப்படியன்று. விளக்கு குளிர்ந்திருக்கலாம், அதன் கம்பி குளிராமல் இருக்கலாம்.

இதற்கு முதற்காரணம் ரிலேயை எந்தக் கம்பியில் வைத்தார்கள் என்பது. விளக்குக்குச் செல்வன இரண்டு கம்பிகள். பேஸ் கம்பியில்தான் 230 வோல்ட் இருக்கிறது. நியூட்ரல் திரும்பும் பாதை. இரண்டில் எதைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். எனவே தவறு வெளியே தெரிவதில்லை. நியூட்ரலில் ரிலேயை வைத்துவிட்டால், அணைந்த விளக்கின் ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். பண்டிகைக்கு முன் ஸ்டூல்மேல் ஏறிப் பல்பை மாற்றுகிறவர், 'அணைத்தாயிற்று' என்ற நம்பிக்கையோடு விரலை அங்கே வைப்பார். ஆகவே சுவிட்சோ ரிலேயோ பேஸில் மட்டுமே அமைய வேண்டும். பழைய வீடுகளில் பேஸுக்குச் சிவப்பும் நியூட்ரலுக்குக் கறுப்பும் எர்த்துக்குப் பச்சையும் வழக்கம். எனினும் நிறத்தை நம்பி முடிவு செய்தல் கூடாது. பழுது பார்த்தவர் கையில் எந்த நிறம் இருந்ததோ அந்த நிறம் சுவருக்குள் இருக்கும்.

இரண்டாவது காரணம், ரிலே விசுவாசமான வேலையாள் அன்று என்பது. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் தம் இயல்பான அளவைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. அப்போது தொடுமுனையில் பொறி பறக்கும். பலமுறை இவ்வாறு நேர்ந்தால் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நிரல் 'அணை' என்று ஆயிரம் முறை சொன்னாலும் பயனில்லை. அசையும் பகுதியில்லாத திண்மநிலை ரிலேயிலோ சிக்கல் வேறு. அது அணைந்திருக்கும்போதும் சில மில்லிஆம்பியர் கசியும். இரவில் விளக்கு மங்கலாக மினுங்குவதற்கு அதுவே காரணம். பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே பழுதாகும்.

ஆகவே கைப்பேசியின் திரையில் காணும் 'அணைந்தது' என்ற சொல் ஒரு செய்தி மட்டுமே; விரல் வைப்பதற்கான அனுமதியன்று. பல்பை மாற்றுவதாயினும் மெயின் சுவிட்சை இறக்குங்கள். பிறகு டெஸ்டரால் பாருங்கள். டெஸ்டர் எரியும் நிலையில் இருக்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கும் இடத்தில் முன்பே வைத்துப் பார்த்திருங்கள்.

சுவர் சுவிட்சும் வேண்டும்

வீட்டு விளக்கை நிரலிடம் முழுவதுமாக ஒப்படைப்பது அறிவுடைமை அன்று. கைப்பேசி ஆய்வகத்துப் பிள்ளையிடம் இருக்கும். விளக்கு வேண்டியவர் பாட்டியாக இருப்பார். மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் இயக்குவதற்கு டூ-வே சுவிட்சுகள் இரண்டைப் பொருத்துவர் அன்றோ? அவற்றுள் ஒன்றின் இடத்தில் ரிலேயை அமைக்கலாம். ரிலேக்கும் மூன்று முனைகளே: பொதுமுனை ஒன்று, ஓய்வில் இணைந்திருப்பது ஒன்று, ஓய்வில் விலகியிருப்பது ஒன்று. இவ்வாறு அமைத்தால் சுவர் சுவிட்சும் இயங்கும், பலகையும் இயங்கும். ரிலே மாறினால் விளக்கும் மாறுமேயன்றி, எரிகிறதா அணைந்ததா என்று பலகைக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஒளியுணரியைச் சேர்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. இவ்வமைப்பில் இரு சுவிட்சுகளும் ஒரே பேஸிலிருந்து வர வேண்டும் என்பதை மட்டும் மின்பணியாளர் உறுதி செய்தல் வேண்டும்.

மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது என்ன நிகழும்? ஸ்டார்ட்டர் பெட்டி நமக்கு இங்கும் ஆசான். மின்சாரம் நின்றதும் அதன் தகடு விலகிவிடும். மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இச்சிறு காத்திருப்பை விரும்பாத சிலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்துகின்றனர். மின்சாரம் வந்த நொடியிலேயே எல்லா மோட்டார்களும் சேர்ந்து ஓடத் தொடங்க, ஊர் டிரான்ஸ்பார்மர் அந்தச் சுமையைத் தாங்காது. மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் கையை அது அறியவும் அறியாது. உங்கள் பலகையும் துயிலெழும்போது விளக்கை அணைந்த நிலையில் வைக்க வேண்டும். ரிலே பலகைகளுள் பல, உள்ளீடு தாழும்போது இணைபவை. நிரலில் முனையை வெளியீடாக அறிவிப்பதற்கு முன்பே அதை உயர்நிலையில் வைக்காவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் ரிலே ஒருமுறை 'டக்' என்று துள்ளும்.

பலகைக்கு மின்சாரம் தருவதற்கு முத்திரை பெற்ற நல்ல கைப்பேசி சார்ஜர் போதும். அதற்குள்ளும் ஓர் இடைவெளி இருக்கிறது. மின்மாற்றி இல்லாமல் ஒரு மின்தேக்கியால் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் மலிவான பலகைகளில் அந்த இடைவெளி இல்லை. அவற்றின் '5 வோல்ட்' முனையும் நிலத்தோடு ஒப்பிடுகையில் 230 வோல்ட்டில் மிதக்கலாம். அத்தகைய பலகையோடு மடிக்கணினியை இணைத்து நிரல் ஏற்ற முயன்றால் கணினியும் போகும், பிடித்திருப்பவரும் போகலாம். இதனால்தான் நிரலேற்றும் வேளையில் 230 வோல்ட் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதை ஆய்வகத்தில் மாற்றமில்லாத விதியாகக் கொள்கிறோம்.

யார் எதைச் செய்வது?

நிரல் எழுதுதல், உணரிகளை இணைத்தல், ரிலேயின் சுருள் பக்கம் ஆகியவை மாணவர் பணி. தொடுமுனைப் பக்கத்தில் முதலில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை இணைத்து ஒரு வாரமேனும் ஓட்டிப் பாருங்கள். காந்தமும் 'டக்' ஓசையும் அங்கும் அவையே. கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். சொல்லப்போனால் படிக்கும் மேசைக்கும் பூசையறைக்கும் அந்தப் பட்டையே போதுமானது. 230 வோல்ட் வரை செல்வதில் தனிப் பெருமை எதுவும் இல்லை.

செல்லத்தான் வேண்டுமெனில் அப்பக்கம் உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. இது வெறும் அறிவுரையன்று. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர்த்த மின்னமைப்புப் பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே கூறின. பின்வந்த நடுவண் மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்கின்றன. மின்பணியாளர் வரும்போது அருகே நின்று வேடிக்கை பாருங்கள். அவர் மெயினை இறக்குவதையும், இறக்கிய பின்னும் டெஸ்டர் வைப்பதையும், பலகையை மூடிய பெட்டிக்குள் வைப்பதையும், 230 வோல்ட் கம்பிகளும் 5 வோல்ட் கம்பிகளும் வேறு வேறு துளைகள் வழியே வர அமைப்பதையும் கவனியுங்கள். பெட்டி தீப்பற்றாத வகையினதாக இருத்தல் வேண்டும். அட்டைப்பெட்டியும் இனிப்புக் கடை டப்பாவும் ஆகா.

ஒருவரை மின்சாரம் தாக்கிவிட்டால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள். அதற்கு வழியில்லையெனில் காய்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். மூச்சு இல்லையெனில் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும், 108க்கு அழையுங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் விலகி நின்று 1912க்குத் தெரிவியுங்கள். நம் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் ஏ.பி.எஸ்.பி.டி.சி.எல். நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியிலேயே இருக்கிறது.

சொற்பொருள்

நுண்கட்டுப்படுத்தி – நிரலின்படி ஆணையிடும் மின்னணுச் சில்லு. தொடுமுனை – ரிலேயில் சேர்ந்தும் விலகியும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் உலோக முனை. ஒளியிணைப்பி – ஒளியால் ஆணை கடத்தும் சாதனம். நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு. துயிலெழுதல் – விழித்தெழுதல்.

மொழியை அறிவோம்

மங்கலமில்லாத சொற்களைத் தவிர்த்து மங்கலமான சொற்களால் கூறுவது மங்கலம். ஒரு குழுவினர் தமக்குள் பொருள் புரியும்படி வழங்கும் சொல் குழூஉக்குறி. மின்பணியாளர் 'இதில் பேஸ் இல்லை' என்றும், 'நியூட்ரல் போய்விட்டது' என்றும் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இவை பிறர்க்கு மறைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. தொழிலின் தேவையால் பிறந்தவை. எனவே இவற்றைக் குழூஉக்குறி எனலாமா, கலைச்சொல் எனலாமா என்று வகுப்பில் கலந்துரையாடுக.

உரையாடலை நிறைவு செய்க

பாட்டி: விளக்கைக் குளிர வைத்துவிட்டாயா, கண்ணா?

பேரன்: வைத்துவிட்டேன் பாட்டி. இங்கிருந்தபடியே கைப்பேசியில் அழுத்திவிட்டேன்.

பாட்டி: அப்படியானால் ஸ்டூலைக் கொண்டு வா. இருட்டுவதற்குள் பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடு.

பேரன்: ………………

வினாக்கள்

1. 6 ஆம்பியர் எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. ஏன்? கணக்கிட்டு விளக்குக.

2. நியூட்ரல் கம்பியில் ரிலேயை அமைத்தாலும் விளக்கு அணைகிறது. பின் அது எவ்வாறு தவறாகும்?

3. ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் ரிலேக்கும் உள்ள ஒற்றுமையை உம் சொற்களில் எட்டு வரிகளில் எழுதுக.

4. 'தீபம் கொண்டெக்கிந்தி' போல, உங்கள் வீட்டில் தெலுங்கிலோ தமிழிலோ வழங்கும் மங்கல வழக்குகள் மூன்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

5. மூத்தவர் ஒருவருடன் உங்கள் வீட்டு மின்பெட்டியை, மூடியைத் திறக்காமல், வெளியே நின்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதில் அச்சிட்டுள்ள மில்லிஆம்பியர் எண் எவ்வளவு? சோதனைப் பொத்தானை மூத்தவர் அழுத்தும்போது என்ன நிகழ்ந்தது என்பதை நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருக.